டிரான்ஸ்பார்மர் சுருதியில் ஒரு ஆர்கெஸ்ட்ரா

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு முனை டிரான்ஸ்பார்மர் மேற்கத்திய இசையின் ‘ஜி’ ஸ்வரத்தில் ரீங்கரிக்கிறது. சரியாகச் சொன்னால் ஜி-யைவிட ஒரு மயிரிழை ஏற்றம். அந்த மயிரிழைதான் நான் எழுதியிருக்கும் ஆர்கெஸ்ட்ரா படைப்புக்கு அஸ்திவாரம், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

படைப்பு எதைப் பற்றி என்றால், போனும் திரையும் ஓடிபியும் மெசேஜும் நம் நாளை எப்படிப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதைப் பற்றி. பாடகர் கிடையாது, வார்த்தை கிடையாது, சுமார் பதினைந்து நிமிடம். வயலின்கள், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா, அதைவிடப் பெரிய செல்லோ, ஒரே ஒரு டபுள் பாஸ், இரண்டு புல்லாங்குழல், கிளாரினெட், டிராம்போன், பியானோ, கொஞ்சம் தாள வாத்தியம். புதுச்சேரியில் இவர்களைச் சேர்ப்பது வெளியூர்க்காரர்கள் நினைப்பதைவிட எளிது. சர்ச் பாடகர் குழுக்களில் வயலின் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிற பேண்டு செட்டுகளில் கிளாரினெட்டும் டிராம்போனும் கைவந்தவர்கள் இருக்கிறார்கள், ஆரோவில் பக்கம் விசாரித்தால் செல்லோவும் கிடைக்கிறது. டபுள் பாஸ்தான் அபூர்வம். தெரிந்தவர் மூலமாக ஒன்று கிடைத்தது, அதை வேனில் படுக்க வைத்து மெதுவாகக் கொண்டுவர வேண்டியிருந்தது.

டிரான்ஸ்பார்மருக்கு வருகிறேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று. ஆனால் டிரான்ஸ்பார்மர் உறுமுவது 100-ல். உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் காந்தப்புலம் ஏறும்போது மிக நுணுக்கமாக நீண்டு சுருங்குகின்றன, மின்சாரத்தின் ஒரு சுற்றில் இது இரண்டு முறை நடக்கிறது, அதனால் இரட்டிப்பு. பழைய டியூப்லைட் சோக் உறுமுவதும் இதே காரணத்தால் இதே 100-ல்தான். இரவில் போக்குவரத்து அடங்கிய பிறகு போனிலேயே பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். ஒலியில் எந்தெந்த அதிர்வெண்கள் இருக்கின்றன என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தை வரையும்போது அளவை 65536 என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 44100 மாதிரிகள் எடுத்த பதிவில் முக்கால் ஹெர்ட்ஸுக்கும் குறைவான வித்தியாசம்கூடத் தெரியும். 100, 200, 300 என்று வேலிக்கால் நட்டது மாதிரி கோடுகள் நின்றன.

ஆர்கெஸ்ட்ரா வழக்கப்படி ‘ஏ’ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துச் சுருதி சேர்த்தால் கீழ் ஜி 98 ஹெர்ட்ஸ். டபுள் பாஸின் மெல்லிய தந்தி, திறந்தபடி வாசித்தால் அதேதான். செல்லோவிலும் ஒரு தந்தி அதே ஜி. அதாவது இயந்திரத்துக்கும் வாத்தியத்துக்கும் நடுவே இருப்பது வெறும் இரண்டு ஹெர்ட்ஸ், இசைக் கணக்கில் 35 சென்ட் (அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்), அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. இந்த இரண்டையும் சேர்த்து ஒலிக்க விட்டால் ஒலி ஒரு விநாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கித் துடிக்கும். ஒரு எண்மம் (ஆக்டேவ்) மேலே போனால் 196-க்கும் 200-க்கும் நடுவில் நான்கு துடிப்பு, அதற்கு மேலே எட்டு, புல்லாங்குழல் உயரத்தில் பதினாறு, அங்கே அது துடிப்பாகக் கேட்காது, காதைச் சுரண்டும் கரகரப்பாகிவிடும். இதைக் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாளத்தை ஒரு துளிகூட மாற்றாமல், வாத்தியங்களை மேலே மேலே ஏற்றினாலே பதற்றம் தானாகக் கூடுகிறது! வேகத்தை நிமிடத்துக்கு 60 என்று வைத்தால் 2, 4, 8 என்ற துடிப்புகள் நேராகத் தாளக் கணக்கில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

இன்னொரு விஷயம் இந்த 100-ஐ எனக்கு விட முடியாததாக ஆக்கியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாகத் தென்மாநிலங்களின் மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே கட்டமைப்பாக இணைந்தது. அன்றிலிருந்து ஸ்ரீநகரிலும் கன்னியாகுமரியிலும் டிரான்ஸ்பார்மர்கள் ஒரே சுருதியில் உறுமுகின்றன. விதிப்படி மின்சாரத்தை 49.90 ஹெர்ட்ஸுக்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும், எங்காவது பளு கூடினால் நாடு முழுக்கச் சேர்ந்து ஒரு இம்மி இறங்கும், பிறகு சேர்ந்தே ஏறும். எந்தத் தம்பூராவும் இவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் ஒலித்ததில்லை. நாம் கேட்காமலே கேட்டுக்கொண்டிருக்கும் சுருதி இது. பிடி என்று நான் சொல்வது இதைத்தான். சைரனும் ஹாரனும் வைத்து நவீன வாழ்க்கையை எழுதுவதில் எனக்கு ஆர்வம் வரவில்லை. சத்தத்தை வெறுப்பது சுலபம், சுருதியை வெறுக்க முடியாது, அதற்குள் நாம் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறோம்.

சரி, இதை வாத்தியத்தில் எப்படிச் செய்வது? டபுள் பாஸ்காரர் திறந்த ஜி தந்தியையும், பக்கத்து டி தந்தியில் விரல் வைத்து அதே ஜி-யையும் ஒரே வில்லில் சேர்த்து இழுக்கிறார். முதலில் இரண்டும் ஒன்று. பிறகு டி தந்தி விரலை மட்டும், தந்திகளைத் தாங்கி நிற்கும் மரப்பாலத்தை நோக்கி மெதுவாக நகர்த்துகிறார். தந்தி நீளம் 105 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 98-லிருந்து 100-க்குப் போக விரல் நகர வேண்டியது ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. செல்லோவில் இதே வேலையை சி தந்தியில் செய்யலாம், அங்கே ஒரு சென்டிமீட்டர்கூட ஆகாது. ஒரே பாஸ்தான் இருந்ததால் செல்லோக்களையும் இதில் சேர்த்தேன். ஸ்கோரில், அதாவது எழுதிய இசைக்குறிப்பில், சுருதியை ஏற்றச் சொல்லும் அம்புக்குறி போட்ட ஷார்ப் அடையாளமும், பக்கத்தில் ‘விநாடிக்கு இரண்டு துடிப்பு’ என்று தமிழிலும் எழுதினேன். வாசிக்கிறவர்களுக்குச் சென்ட் கணக்கைவிடத் துடிப்பை எண்ணுவதுதான் கைகொடுக்கிறது, காதே வழி காட்டிவிடுகிறது. டிராம்போனுக்கு இது பெரிய வேலையே இல்லை, ஸ்லைடை இம்மி உள்ளே இழுத்தால் போதும். புல்லாங்குழலில் குழலை வாயிலிருந்து விலகும்படி வெளிப்பக்கம் உருட்டினால் சுருதி ஏறும். கிளாரினெட் இறங்குவது சுலபம், ஏறுவதுதான் சிரமம், அதனால் கிளாரினெட்டைக் கடைசியாக இழுபடும் வாத்தியமாக வைத்தேன். பியானோ நகரவே நகராது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இழுபடுவது எது என்ற கேள்விக்கு எனக்கு முதலிலேயே பதில் இருந்தது: தாலாட்டு. நீலாம்பரி ராகத்தில் ஒரு மெட்டு, ஜி-யை ஷட்ஜமாக (‘ச’) வைத்து வயோலாவுக்கு எழுதினேன். நீலாம்பரி நேராக ஏறி நேராக இறங்குகிற ராகம் இல்லை, மேலே போகும்போது தைவதத்தைத் தொட்டுப் பஞ்சமத்துக்குத் திரும்பி வந்து அப்புறம் நிஷாதத்துக்குப் போகும், இறங்கும்போதும் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு ஒருமுறை திரும்பிவிட்டுத்தான் ஷட்ஜத்துக்கு வரும். தொட்டிலின் போக்குவரத்து அதிலேயே இருக்கிறது. வயோலாவின் தொண்டை கட்டின மாதிரியான குரலுக்கு அது அவ்வளவு பொருந்துகிறது.

முதல் ஒத்திகையின் நோக்கம் ஒலிகளைச் சோதிப்பது மட்டுமே. நெல்லித்தோப்பில் ஒரு பள்ளிக்கூட ஹால், ஞாயிற்றுக்கிழமை மதியம். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய பட்டன் போன் வாங்கி வைத்திருந்தேன், அதன் பட்டன் ஒவ்வொன்றும் இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும். மூன்றாம் எண் 697 ஹெர்ட்ஸும் 1477 ஹெர்ட்ஸும், அதாவது ஏறக்குறையச் சுத்தமான எஃப்பும் அதற்கு மேல் எண்மத்து எஃப் ஷார்ப்பும். இரண்டு புல்லாங்குழல்கள் அதிர்வே இல்லாமல் தட்டையாக ஊதினால் ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற எண்கள் ஸ்வரங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கின்றன, அதனால் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். போன் மேசைமேல் அதிர்வதற்கு டிராம்போனில் நாக்கை உருட்டி ஊதச் சொன்னேன், ஒலியை அடக்கும் மியூட் போட்டு. பழைய நோக்கியாவில் மெசேஜ் வந்தால் மூன்று குட்டை, இரண்டு நெட்டை, மூன்று குட்டை என்று அடிக்குமே, எஸ்எம்எஸ் என்பதன் மோர்ஸ் தாளம் அது, அதை வயலின்களுக்கு வில்லின் மரப்பக்கத்தால் தட்டும்படி கொடுத்தேன். நேரு வீதிக் கடைகளில் பணம் வந்துவிட்டது என்று அறிவிக்கும் யுபிஐ பெட்டியின் பேச்சுத் தாளம் பியானோவின் இடது கைக்குப் போனது. எல்லாம் நன்றாகவே ஒலித்தது. எல்லோருக்கும் சிரிப்பும் உற்சாகமுமாக இருந்தது.

ஒத்திகை முடிந்து வாத்தியங்களை உறையில் போடும்போது கிளாரினெட் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். பேண்டு செட்டில் பல வருஷம் ஊதியவர், பேச்சு குறைவு.

“தம்பி, போன் சத்தம் அச்சு அசலா வருது. ஆனா போன் அடிச்சா பாட்டு நிக்கணுமே? அது பாட்டுக்கு அது அடிக்குது, இது பாட்டுக்கு இது ஓடுது. வீட்டுல அப்படியா நடக்குது?”

இந்தப் படைப்பைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில் இதுதான் மிகப் பயனுள்ள வார்த்தை.

அக்காவிடம் கேட்டு, அவள் குழந்தையைத் தூங்க வைக்கும் நேரத்தில் பக்கத்து அறையில் நோட்டோடு உட்கார்ந்தேன். அவள் பாடுவது எங்கே நிற்கிறது, திரும்ப எங்கே தொடங்குகிறது என்று மட்டும் குறித்தேன். சிலிண்டர் டெலிவரிக்கு ஓடிபி. பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜ். ஏதோ ஒரு லோன் அழைப்பு. அப்புறம் மாமாவின் வீடியோ கால், அவர் பிரான்ஸில் இருக்கிறார், இங்கே குழந்தை தூங்கும் நேரம் அங்கே வேலை முடிகிற சாயங்காலம். கவனித்ததில் மூன்று விஷயம் எனக்குப் புதிது. ஒன்று, பாட்டு நின்ற இடத்திலிருந்து அவள் தொடரவில்லை, ஒவ்வொரு முறையும் அடியின் தொடக்கத்துக்குப் போய் வந்தாள், அதனால் முதல் அடி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, கடைசி அடிக்குப் பாட்டு போகவே இல்லை. இரண்டு, போன் அடிக்காதபோதும் அடிக்கப் போகிறது என்ற இடங்களில் குரல் தயங்கியது. மூன்றாவதுதான் முக்கியம், மாமாவின் அழைப்பு வந்தபோது அவள் குரல் மலர்ந்தது. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அதுதான், தாலாட்டை உடைத்ததும் அதுதான்.

அந்த நோட்டுப் பக்கத்தை அப்படியே படைப்பின் நடுப்பகுதியின் எலும்புக்கூடாக எடுத்துக்கொண்டேன். வயோலா பாடுகிறது. புல்லாங்குழல்களின் ‘மூன்று’ வெட்டுகிறது. முழு ஆர்கெஸ்ட்ராவும் நிற்கிறது, தந்தி கூட்டத்தின் ஜி மட்டும் கீழே ஓடுகிறது. வயோலா முதல் அடியின் தொடக்கத்துக்குப் போகிறது, ஆனால் இப்போது ஷட்ஜம் ஐந்தாறு சென்ட் ஏறியிருக்கிறது. அடுத்த வெட்டு, அடுத்த ஏற்றம். வயோலா வாசிக்கிறவர் தான் மாறுவதாக உணர்வதில்லை, கீழே இருக்கும் சுருதிக்குத்தான் அவர் சேர்த்துக்கொள்கிறார், அவர் செய்வது சரியான வேலை. அப்படிச் சரியாகச் சேர்ந்து சேர்ந்தே இயந்திரத்தின் இடத்துக்கு வந்துவிடுகிறார். அங்கே போய் நிற்கும்போது ஏ 440 என்பது 449 ஆகியிருக்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. 1923-ல் ஆர்தர் ஹோனெகர் நீராவி ரயில் எஞ்சினை மனதில் வைத்து ‘பசிபிக் 231’ எழுதியபோது ஸ்வர நீளங்களைக் குறுக்கிக்கொண்டே போனார், ஆனால் அடிப்படை வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். கேட்பவருக்கு ரயில் வேகமெடுக்கிறது, தாளம் உண்மையில் மந்தமாகிறது. அந்த உத்தி எனக்கு இந்த நடுப்பகுதியில் நேராகக் கைகொடுத்தது. எல்லாம் விரைகிறது, பாட்டு மட்டும் கடக்க வேண்டிய தூரத்தைக் கடக்கவில்லை.

கிளிக் விஷயம் ஒன்று உண்டு. வெட்டுகள் துல்லியமாக விழ வேண்டும் என்பதால் எல்லோருக்கும் இயர்போனில் மெட்ரோனோம் கொடுத்து வாசித்துப் பார்த்தோம். விழ வேண்டிய இடத்தில் எல்லாம் விழுந்தது. ஆனால் நீலாம்பரியின் அசைவு போய்விட்டது, வயோலாவின் கமகம் ஒவ்வொன்றும் சொடுக்குக்குச் சொடுக்கு வந்து உட்கார்ந்தது, மூச்சு இல்லை. இயர்போனைக் கழற்றிவிட்டு, அந்தக் கிளிக்கையே மரக்கட்டையில் தாள வாத்தியக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி அடிக்க வேண்டும் என்று மாற்றினேன். ஒளிந்திருந்து ஆள்வது மேடைக்கு வந்தால் கேட்பவரும் அதை உணரலாம். வயோலாவுக்கு மட்டும் கிளிக்கை விட்டுப் பின்தங்கலாம் என்று அனுமதி எழுதியிருக்கிறேன், அந்த இழுபறி ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிறது, எனக்கு மிகப் பிடித்த பக்கம் அது.

மூன்றாம் பகுதி பெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, மணிக்கணக்கில் நகராமல் நின்று, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மழையும் காற்றும் ஓய்ந்த இடைவெளியில் தெருவில் ஏதோ குறைகிறது என்று தோன்றியது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. டிரான்ஸ்பார்மர். அந்த 100 இல்லை. தவளைகள் கத்தின, பக்கத்து மாடியிலிருந்து யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், போன்கள் ஒவ்வொன்றாகச் சார்ஜ் தீர்ந்து அணைந்தன.

வாத்தியத்தில் இதை எழுதுவது எதிர்பாராத அளவுக்கு எளிதாக அமைந்தது, ஏனென்றால் பௌதிகமே உதவுகிறது. பாஸ்காரரும் செல்லோக்காரர்களும் நகர்த்திய விரலைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டு ஒலிகளும் நெருங்க நெருங்கத் துடிப்பு தானாக மெதுவாகிறது: விநாடிக்கு இரண்டு, ஒன்று, இரண்டு விநாடிக்கு ஒன்று, பிறகு இல்லை. நடத்துநர் கையை அசைக்கவே வேண்டாம். மரக்கட்டை நின்றுவிடுகிறது. இங்கே ஒருவரை ஒருவர் பார்த்து, கேட்டு வாசிக்க வேண்டும், தாளத்தைப் பிரித்துக் காட்டும் பார் கோடுகளை ஸ்கோரிலிருந்தே எடுத்துவிட்டேன். வயோலா தாலாட்டைத் தொடங்குகிறது, முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடியின் பாதி வரை போகிறது.

அப்போது கரண்ட் வருகிறது.

இந்த இடத்தை எப்படி எழுதுவது என்பதில்தான் நண்பர்களோடு அதிகம் வாதாடினேன். பேரிடி மாதிரி, அச்சுறுத்தும் இசையாக வர வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது பொய். அன்றைக்குத் தெருவில் கரண்ட் வந்தபோது பிள்ளைகள் “ஹேய்” என்று கத்தியது எனக்குத் தெரியும், நானும் சேர்ந்து கத்தினேன். மோட்டார் ஓடி தண்ணீர் ஏறியது, போனில் உயிர் வந்தது, அக்கா மாமாவிடம் பேசி நாங்கள் எல்லோரும் நலம் என்று சொல்லி அழுதாள். இந்தப் பிடி வெறும் கொடுமையாக இருந்தால் எப்போதோ உதறியிருப்போம். அதனால் படைப்பிலேயே மிக அழகான, மிக நிறைவான கார்டை, அதாவது பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டொலியை, அங்கே வைத்தேன், மகிழ்ச்சியாகக் கேட்கும் மேஜர் கார்டு, எல்லா வாத்தியமும், உள்ளதிலேயே பெரிய சத்தத்தில். ஆனால் மொத்தமும் 100 ஹெர்ட்ஸ் சுருதியில், 35 சென்ட் மேலே. ஒலிக்கும்போது அது மகிழ்ச்சியாகத்தான் கேட்கிறது. வயோலா மூன்றாம் அடியின் மீதிப் பாதியை வாசிக்கவே இல்லை, அந்தக் கார்டில் ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து நிற்கிறது.

நகராத பியானோ இங்கேதான் வருகிறது. கார்டு ஓய்ந்ததும் பியானோ தாலாட்டின் முதல் நான்கு ஸ்வரங்களைப் பழைய 440-லேயே வாசிக்கிறது. ஒலித்துப் பார்த்தபோது கேட்ட எல்லோருமே பியானோ சுருதி தப்பிவிட்டது என்றார்கள். அதுதான் எனக்கு வேண்டியது. சுருதி தப்பாதது அது ஒன்று மட்டும்தான்.

நிலவரம்: ஸ்கோர் முழுக்க மியூஸ்ஸ்கோரில், இலவச மென்பொருள், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் சென்ட் கணக்கில் சுருதி கூட்டிக் கேட்க வசதி இருப்பது இந்த வேலைக்குப் பெரிய துணை. இப்படி ஒரு கருவி இல்லாமல் என்னைப் போல் ஒருவர் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிப் பார்த்திருக்கவே முடியாது, இதையும் சேர்த்துத்தான் அந்தக் கார்டு. நடுப்பகுதிக்கு இன்னும் ஒரு வயோலா தேவை, கடலூர் பக்கம் யாராவது இருந்தால் சந்தோஷம். அவரவர் வாத்தியத்துக்கான பார்ட்டுகளை அச்செடுத்துத் தருகிறோம், டேப்லெட் வேண்டாம், மூன்றாம் பகுதியில் திரை வெளிச்சமே மேடையில் இருக்கக் கூடாது.

உங்கள் ஊரில் இதன் ஒரு துண்டை மட்டும் சோதித்துப் பார்க்க ஆர்கெஸ்ட்ரா தேவையில்லை. ஒரு செல்லோ, பழைய சோக் போட்ட ஒரு டியூப்லைட், அமைதியான அறை போதும். எல்இடி விளக்கு சரிவராது, அதில் சோக் இல்லை. ஃபேனை அணைத்துவிட்டு, செல்லோவை 440-க்கு நன்றாகச் சேர்த்து, ஜி தந்தியைத் திறந்தபடி, அழுத்தம் இல்லாமல், முடிந்தவரை மெதுவாக இழுங்கள். சத்தம் கூடினால் சோக்கின் ஒலி அமுங்கிவிடும், அதனால் வில்லை விரல்பலகைப் பக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. துடிப்பு கேட்கத் தொடங்கியதும் அதை எண்ணுங்கள், ஒரு விநாடிக்கு இரண்டு வர வேண்டும். வேறு எண்ணிக்கை வந்தால் முதலில் செல்லோவின் சுருதியைத்தான் சரிபாருங்கள், கரண்ட்டின் சுருதி அவ்வளவு தூரம் விலகாது.